சுழி

புரொஜெக்டருக்குக் கருப்பு தெரியாது.
வெளிச்சம் அடிப்பது ஒன்றுதான் அதன் பிழைப்பு.
கருப்பு கேட்டால்
அந்த இடத்தில் சும்மா இருக்கும்.
பதினொரு வருடம் அதைத் தோளில் சுமந்தவள்,
எனக்குத் தெரியும்.

ஆகவே ஔலு துறைமுகத்தின் பழைய உப்புக் கிடங்கில்
கெர்ட்டுவின் கருந்துளைக்கு நடுவே
தெரிந்தது சுவர்தான்:
சாம்பல் பூத்த சுண்ணாம்பு, ஒரு விரிசல்,
யாரோ எப்போதோ அடித்துவிட்டுப் போன ஆணி.
"பிடுங்கிவிடவா?"
"இருக்கட்டும். ஒன்றாவது தப்பிக்கட்டும்."

பகல் இரண்டு மணிக்கே பொழுது சாயும் டிசம்பர்.
நடுவில் ஓட்டையுள்ள ரை ரொட்டியைப் பிட்டுத் தின்றபடி
ஓட்டையை யார் தின்பது என்று சண்டை போட்டோம்.
பிறகு அவள் விசைப்பலகையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

அவளிடம் சேமித்த படம் எதுவும் இல்லை.
அந்தந்த நொடிக்கு அந்தந்தக் கணக்கு.
ஒரு புள்ளிக்கு ஒரு கதிர்.
அது நம்மைத் தேடி வருவதில்லை,
நாம்தான் அனுப்புகிறோம்.
கடன் கேட்கப் போகிறவன் மாதிரி
முந்நூறு தயங்கிய அடிகள்,
அடிக்கு ஒரு வளைவு.
சுற்றும் நெருப்பைத் தொட்டால்
நிறம் வாங்கித் திரும்பும்.
நம் பக்கம் வரும் நெருப்புக்கு ஒளி அதிகம்
விலகிப் போகும் நெருப்பு மங்கல்,
வருகிறவர் முகம், போகிறவர் முதுகு.
விளிம்பைத் தாண்டிய கதிருக்கு விடை ஒன்றே:
சுழி.
இருபது லட்சம் புள்ளிகள், நொடிக்கு அறுபது தடவை.
கணினியின் விசிறி அலறியது.
அந்த அனல்காற்றில்
என் கையுறைகளைக் காயவைத்தேன்.

எட்டு மணிக்குக் கூட்டம். நாற்பது பேர் இருக்கும்.
பனி தள்ளும் வண்டியை முற்றத்தில் உறுமவிட்டு
யால்மரியும் வந்து நின்றார்,
குளிருக்கு, கலைக்கு அல்ல.

யாரிடமும் சொல்லாமல்
கூட்டத்தின் பின்னால் ஒரு கேமரா வைத்திருந்தாள்.
அது பார்ப்பதை எடுத்து
விண்மீன்களுக்குப் பதிலாக
வானத்தில் ஒட்டிவிட்டாள்.
முதலில் யாருக்கும் புரியவில்லை.
வளையத்தைச் சுற்றி ஏதோ கம்பளித் தொப்பிகள்,
பின்னல்கள், பிடரிகள்,
வில்லாக நீண்டு, இரண்டாகப் பிரிந்து, மறுபுறம் கூடி.

யால்மரி தொப்பியைக் கழற்றினார்.
வளையத்தில் ஒரு வழுக்கை உதித்தது.
தலையைத் தடவினார்.
சுவரில் ஒரு கை,
நீண்டு நீண்டு நெருப்பைச் சுற்றி வந்து
அதே தலையைத் தடவியது.
"அட, நான்!"

பிறகு நாற்பது கைகளும் மேலே,
தங்களைத் தேடி.

அப்போது படம் உறைந்தது.

நொடிக்கு அறுபது, பன்னிரண்டு, மூன்று, ஒன்றுமில்லை.
கெர்ட்டு பல்லுக்குள் ஒரு வசவை மென்றாள்.
ஆனால் இயற்பியலும் அதையேதான் சொல்கிறது:
வெளியே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு
உள்ளே விழுகிறவர்
விளிம்பிலேயே நின்றுவிடுவார்,
விழுந்து முடிப்பதே இல்லை.
கூட்டம் அதைத் திட்டமென்று நம்பிக்
கை தட்டியது.
சுவரிலிருந்த கைகள் தட்டவில்லை.
தூக்கியபடியே நின்றன,
பதில் தெரிந்த வகுப்பு மாதிரி.

போகும்போது யால்மரி கதவருகே நின்றார்.
"என் தலைச்சுழி இடப்பக்கம் சுற்றுகிறது.
அறுபத்து நான்கு வயது, இரண்டு மனைவிகள்,
ஊரில் ஒரே முடிதிருத்துபவர்.
ஒருத்தர்கூடச் சொன்னதில்லை."
வண்டியேறிப் போனார்.
அவர் தள்ளிய பனி
விளக்கொளியில் சற்று வளைந்து விழுந்தது.
கண் பழகிவிட்டது போலும்.

கடைசியில் நான் விளக்கை அணைத்தேன்.
அப்போதுதான் வந்தது கருப்பு,
சுவரை, விரிசலை, ஆணியை எல்லாம் சேர்த்து.
அதற்குள்ளிருந்து கெர்ட்டுவின் குரல்:
"முந்நூறு அடி அதிகம்.
இருநூற்றெண்பது போதும்.
நாளைக்கு இதே நேரம் வா."